சுழலும் தட்டு எங்கே, எதனால் பிளக்கிறது?

இரும்பு வெட்டவும் தேய்க்கவும் பயன்படும் கைக் கிரைண்டரில் தட்டு ஒன்று வெடித்தால் அடுத்த சில நாள்களுக்குப் பட்டறைகளில் அதே பேச்சுத்தான். திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் கேட்டாலும், திருக்கடலூரில் ஃபைபர் படகுகளைச் சுரண்டித் திருத்துபவர்களிடம் கேட்டாலும் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்வார்கள். மலிவான சாமான், அதனால் உடைந்தது. மெல்லிய தட்டு, தடிப்பானதைப் போட்டிருந்தால் தாங்கியிருக்கும். ஓரத்தில்தான் வேகம் அதிகம், ஆகவே ஓரம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

முதற் காரணம் சில வேளைகளில் உண்மையாக இருக்கலாம். மற்ற இரண்டும் தவறு. கேட்டுவிட்டு விட்டுவிடக்கூடிய தவறுகளும் அல்ல. தடிப்பும் பருமனும் காப்பாற்றும் என்று நம்புகிறவர்தான் சிறிய கிரைண்டரின் பாதுகாப்புக் கவரைக் கழற்றிவிட்டு அதில் பெரிய தட்டைப் பூட்டுகிறார். சரியான விளக்கம் சாதாரண தரக் கணிதம் படித்த எவருக்கும் விளங்கக்கூடியதுதான். அதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

## வெளியே தள்ளுவது யார்?

உப்புவெளிக் கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து நின்று சுற்றத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஏற ஏற ஒவ்வொரு பிள்ளைக்கும் கை வலிக்கிறது. யாரோ தன்னை வெளியே இழுப்பதுபோல இருக்கிறது. ஆனால் வெளியே நின்று இழுப்பவர் யாருமில்லை.

நடப்பது இதுதான். ஓடும் எந்தப் பொருளும் நேர்கோட்டில் ஓடவே முனையும். அதை வளைத்து வட்டத்தில் ஓடவைக்க வேண்டுமானால், ஏதோ ஒன்று அதை ஓயாமல் மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த உள்நோக்கிய இழுப்புக்குப் பெயர் மையநாட்ட விசை. பிள்ளைகளின் வட்டத்தில் அதைக் கொடுப்பவை இருபக்கத்துக் கைகள். இடது கையும் வலது கையும் சற்றே உட்பக்கம் சாய்ந்து இழுப்பதால் இரண்டும் சேர்ந்து அந்தப் பிள்ளையை உள்நோக்கி வளைக்கின்றன.

சுழலும் இரும்பு வளையத்திலும் இதுவே நடக்கிறது. வளையத்தின் ஒவ்வொரு துண்டையும் பக்கத்துத் துண்டுகள் பிடித்து இழுத்தபடி இருக்கின்றன. எனவே வளையம் தன் சுற்றின் நீளவாக்கில் இழுபடுகிறது. அந்த இழுவிசையை, அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பால் பிரித்தால் வருவது தகைப்பு. ஒரு சதுர சென்ரிமீற்றர் உலோகம் எத்தனை கிலோ பாரத்துக்குச் சமமான இழுப்பைத் தாங்குகிறது என்று கேட்பதும் இதுவும் ஒன்றே.

ஒரு பிள்ளையின் இரு கைகளும் விடுபட்டால் அந்தப் பிள்ளை எந்தத் திசையில் போகும்? மையத்திலிருந்து நேரே வெளிநோக்கி என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அப்படியல்ல. கை விடுபட்ட கணத்தில் எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே நேராகப் போகும். வட்டத்தை அந்த ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுச் செல்லும் அந்த நேர்கோடு தொடலி. கிரைண்டரில் தீப்பொறி பறக்கும் திசையைப் பாருங்கள்: தட்டின் மையத்திலிருந்து விரிந்து வராமல், விளிம்பை உரசியபடி நேராகப் பாய்கிறது. உடைந்த துண்டும் அப்படியே பாயும்.

## தடிப்பு ஏன் உதவாது

பிள்ளைகளின் வட்டத்தைப் பலப்படுத்த, அதனோடு ஒட்டி இன்னொரு வட்டம் சேர்க்கிறோம் என்று எண்ணுங்கள். கைகள் இரு மடங்காகிவிட்டன. ஆனால் தாங்க வேண்டிய பிள்ளைகளும் இரு மடங்காகிவிட்டார்கள். ஒவ்வொரு கைக்கும் வரும் வலி முன்போலவேதான் இருக்கும்.

தட்டைச் சீராகத் தடிப்பாக்குவதும் இதுதான். தாங்கும் பரப்பு கூடுகிறது. தாங்கவேண்டிய திணிவும் அதே அளவு கூடுகிறது. இரண்டும் வெட்டுப்பட்டுப் போகின்றன. சுழலும் தட்டு சுமக்கும் பாரம் அதன் சொந்த உடம்புதான். மேலும் உடம்பு வைத்தால் பாரமும் சேர்ந்தே வரும். (பக்கவாட்டில் வளைத்தால் முறியாமல் நிற்பதற்குத் தடிப்பு உதவும். அது வேறு விடயம், பிறகு வருகிறேன்.)

மெல்லிய வளையமொன்றில் தகைப்பு எவ்வளவு என்பதற்குக் கணக்கு மிகச் சுருக்கமானது: பொருளின் அடர்த்தியை விளிம்பு வேகத்தால் இருமுறை பெருக்க வேண்டும். விளிம்பு வேகம் என்பது ஓரத்திலுள்ள ஒரு புள்ளி ஒரு செக்கனில் கடக்கும் தூரம். இந்தக் கணக்கில் தடிப்புக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். விட்டத்துக்கும் தனியாக இடமில்லை.

உருக்கு வளையம் ஒன்றின் விளிம்பு செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் ஓடினால் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 800 கிலோ. வேகத்தை 200 மீற்றராக்கினால் 1,600 அல்ல, 3,200 கிலோ. சாதாரண மென்னுருக்கு 2,500 கிலோ அளவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். ஆகவே செக்கனுக்கு 180 மீற்றர் அளவில் மென்னுருக்கு வளையம் எல்லையைத் தொட்டுவிடுகிறது; அது கைவளையல் அளவானாலும் சரி, வண்டிச் சக்கரத்தின் அளவானாலும் சரி. இதைத் தாண்ட வேண்டுமானால் பலம் கூடிய, அதேவேளை பாரம் குறைந்த பொருளைத் தேட வேண்டும். ஜெட் இயந்திரங்களின் முன்விசிறித் தட்டுகளை டைட்டானியக் கலப்புலோகத்தில் செய்வதற்கு இதுவே முக்கிய காரணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தட்டைப் பிளப்பது அதன் சொந்தத் திணிவு. தீர்மானிப்பவை பொருளின் பலம், அடர்த்தி, விளிம்பு வேகம் ஆகிய மூன்றுமே. இவற்றுள் வேகம் மட்டும் வர்க்கமாகப் பெருகுகிறது.

## தட்டின் முகத்தில் எழுதியிருப்பது

ஒரு கட்டிங் டிஸ்க்கைக் கையில் எடுத்து அதன் லேபிளைப் பாருங்கள். 115 மில்லிமீற்றர் தட்டில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 13,300 சுற்று என்றிருக்கும். 180 மில்லிமீற்றர் தட்டில் 8,500 அளவில். 230 மில்லிமீற்றர் தட்டில் 6,650 அளவில். தட்டு பெருக்கப் பெருக்கச் சுற்றெண் இறங்குகிறது. ஆனால் மூன்றுக்கும் விளிம்பு வேகத்தைக் கணித்துப் பார்த்தால் ஒரே விடை வரும்: செக்கனுக்கு 80 மீற்றர். மணிக்கு 288 கிலோமீற்றர். அந்த 80 என்ற எண்ணும் லேபிளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பலர் அதைப் பார்ப்பதில்லை.

இப்போது கவரைக் கழற்றிவிட்டுப் பெரிய தட்டைப் பூட்டும் கதைக்கு வருவோம். நான்கு அங்குலக் கிரைண்டர் வெறுமையாக ஓடும்போது நிமிடத்துக்கு 11,000 முதல் 12,000 சுற்று வரை போகும். அதில் 180 மில்லிமீற்றர் தட்டைப் பூட்டி 12,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் செக்கனுக்கு 113 மீற்றர். 80 இலிருந்து 113 கொஞ்சம்தானே கூட என்று தோன்றலாம். வர்க்கத்தில் கணக்குப் பாருங்கள்: தகைப்பு சரியாக இரு மடங்கு. செய்தவர்கள் தாங்கும் என்று குறித்துக் கொடுத்த எல்லையின் இரு மடங்கு, அதுவும் கவர் இல்லாமல், முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில். பட்டறையில் இதைச் செய்யும் ஒரு தம்பியைக் கண்டால் தயவுசெய்து அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மேசையில் பூட்டும் சுட்ட சாணைக்கல்லுக்கு எல்லை இன்னும் குறைவு. வழக்கமான கற்களுக்குச் செக்கனுக்கு 35 மீற்றர் அளவுதான். ஆகவே மேசைச் சாணையின் கல்லைக் கைக் கிரைண்டரில் பூட்டுவது பற்றி நினைக்கவே கூடாது.

## ஓரமல்ல, நடு

வளையத்தை விட்டு முழுத் தட்டுக்கு வருவோம். ஓரத்தில் வேகம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் வேகம் அதிகமான இடமும் தகைப்பு அதிகமான இடமும் ஒன்றல்ல.

ஓரத்திலுள்ள பொருளை வட்டத்தில் பிடித்துவைக்க அதற்கு உள்ளே இருக்கும் பொருள் இழுக்கிறது. அந்த உள்பொருளும் சுழல்வதால் அதைப் பிடிக்க அதற்கும் உள்ளே இருப்பது இழுக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஓரத்தின் சுமை படிப்படியாக உள்நோக்கிச் சேர்ந்துகொண்டே வருகிறது. கடைசியில் எல்லாம் வந்து முடிவது நடுவில். சீரான தடிப்புள்ள முழுத் தட்டில் மிகப் பெரிய தகைப்பு மையத்தில்தான்.

அந்த மையத்தில்தான் நாம் அச்சுக்காகத் துளை போடுகிறோம். துளை இல்லாத உருக்குத் தட்டின் விளிம்பு செக்கனுக்கு 100 மீற்றரில் ஓடினால் மையத் தகைப்பு சதுர சென்ரிமீற்றருக்கு 330 கிலோ அளவு. நடுவில் ஒரு துளை போட்டதும் துளையின் ஓரத்தில் அது 660 கிலோ ஆகிறது. துளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இதே கதைதான்: ஊசி முனை அளவு துளையும் தகைப்பை இரட்டிக்கிறது. துளை இருந்த இடத்தில் முன்பு குறுக்கே இழுத்துக்கொண்டிருந்த பொருள் இப்போது இல்லை. அதன் பங்கைத் துளையின் ஓரத்தில் உள்ள பொருள் சேர்த்துச் சுமக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடனைச் சேர்ந்த பொறியியலாளர் குஸ்தாவ் டி லாவல் தன் நீராவிச் சுழலிகளை (டர்பைன்களை) நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓட்டினார். அவ்வளவு வேகத்துக்கான தட்டுகளில் அவர் நடுவே துளை போடவில்லை. அச்சை இருபுறமும் வெளியிலிருந்து பூட்டினார். தட்டையும் நடுவில் தடிப்பாக, ஓரத்தை நோக்கி மெலிந்துகொண்டே போகும்படி செய்தார். தடிப்பு உதவாது என்று மேலே சொன்னது சீரான தடிப்பைப் பற்றி. ஓரத்தில் திணிவைக் குறைத்து, சுமை சேரும் நடுவில் பொருளைக் கூட்டினால் நிச்சயம் உதவும். இன்றைய சுழலித் தட்டுகளின் வெட்டுமுகத்திலும் இதே உருவத்தைக் காணலாம்.

## விரிசல் என்ற கள்ளன்

இதுவரை போட்ட கணக்குகள் எல்லாம் குறையில்லாத பொருளுக்கு. நடைமுறையில் தட்டுகள் பெரும்பாலும் கணக்குச் சொல்லும் எல்லைக்கு வெகு முன்னமே உடைகின்றன. ஏன் என்பதற்குக் கணினியில் போடும் சிடி நல்ல சாட்சி.

52 மடங்கு வேக டிரைவில் சிடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்றுச் சுழலும். விளிம்பு வேகம் செக்கனுக்கு 63 மீற்றர். அந்தப் பிளாஸ்டிக்கில் துளையோரத் தகைப்பு சதுர சென்ரிமீற்றருக்கு 40 கிலோதான். பொலிகாபனேற்று என்ற அந்தப் பொருள் 600 கிலோ அளவு தாங்கக்கூடியது. பதினைந்து மடங்கு இடைவெளி. ஆனாலும் டிரைவுக்குள்ளேயே சிடிகள் சிதறியதுண்டு. பெட்டியின் நடுப் பிடியிலிருந்து சிடியை வளைத்துப் பிடுங்கும்போது துளையைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல்கள் விழுகின்றன. தகைப்பு மிகக் கூடிய இடமும் அதுவே.

விரிசல் ஒன்று இருந்தால் அதன் குறுக்கே இழுவிசை கடக்க முடியாது. முனையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். ஆகவே விரிசலின் கூர்மையான முனையில் தகைப்பு பன்மடங்கு குவிகிறது. விரிசல் ஓர் அளவைத் தாண்டியதும் தானாகவே ஓடத் தொடங்கும். பிறகு தட்டு பிளப்பதற்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட வேண்டியதில்லை.

அந்த அளவை எட்டும் வரை அது மெல்ல வளரும். இயந்திரத்தை ஓட்டும்போது தகைப்பு ஏறுகிறது, நிறுத்தும்போது இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் விரிசல் நூலிழை அளவு நீள்கிறது. ஒருமுறை தாங்கிய சுமையைப் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்பக் கொடுத்தால் உலோகம் விட்டுக்கொடுக்கும். இதை உலோகச் சோர்வு என்பார்கள். நேற்று ஓடியது இன்றும் ஓடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோ நோக்கிப் பறந்த யுனைற்றட் நிறுவனத்தின் 232 ஆம் இலக்க விமானத்தில் நடந்தது இதுவே. டிசி-10 வகை விமானம்; வால் பகுதி இயந்திரத்தின் டைட்டானிய விசிறித் தட்டு வானத்திலேயே பிளந்தது. துண்டுகள் வாலைத் துளைத்து, விமானத்தைத் திருப்பும் மூன்று ஹைட்ரோலிக் தொகுதிகளையும் செயலிழக்கச் செய்தன. விமானிகள் மீதி இரண்டு இயந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் சூ சிற்றி விமான நிலையம் வரை கொண்டுசேர்த்தார்கள். 296 பேரில் 112 பேர் இறந்தனர், 184 பேர் பிழைத்தனர்.

தட்டின் துண்டுகள் சில மாதங்களுக்குப் பின் சோள வயல்களில் அகப்பட்டன. விரிசல் தொடங்கிய இடம் நடுத்துளையின் சுவர். டைட்டானியத்தை உருக்கிய காலத்திலேயே அங்கே ஒரு சிறு இடத்தில் நைதரசன் மிகுந்து, உலோகம் கடினமாகி, நொறுங்கும் தன்மை அடைந்திருந்தது. 18,000 பறப்புகளுக்கு அனுமதிக்கப்பட்ட அந்தத் தட்டு 15,503 பறப்புகளுக்குப் பின் உடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த பரிசோதனையின்போதே விரிசல் அங்கே இருந்தது, ஆனால் கண்டுபிடிக்கப்படவில்லை என்று விசாரணை முடிவு சொன்னது. பறப்பதும் இறங்குவதும் ஒரு சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் ஓர் அடி எடுத்துவைத்தது.

இந்தப் பகுதியில் மனதில் வைக்க வேண்டியது: கணக்குப்படி தாங்கும் தட்டும் விரிசல் இருந்தால் தாங்காது. விரிசலுக்கு மிகவும் ஏற்ற இடம் நடுத்துளை. ஓட்டி நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அதை வளர்க்கிறது.

## கட்டு மீறிய வேகம்

தட்டில் குறையே இல்லாவிட்டாலும் வேகம் கைமீறினால் போதும். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தில் ஒரு சிறு எண்ணெய்க் குழாய் பிழையாகக் கடையப்பட்டிருந்தது. அது வெடித்துக் கசிந்து தீப்பற்றியதில் சுழலித் தட்டு ஒன்று தன் அச்சிலிருந்து பிரிந்தது. இழுத்துப் பிடிக்க எதுவுமில்லாத தட்டை வெப்பவாயு மேலும் மேலும் முடுக்க, அது வேகம் ஏறிச் சிதறியது. விமானம் சிங்கப்பூருக்குத் திரும்பி இறங்கியது. 469 பேரும் தப்பினர்.

தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து அரிசி ஆலைகளில் பழைய டீசல் என்ஜின் ஓட்டியவர்கள் இதை நன்றாக விளங்கிக்கொள்வார்கள். 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வார்ப்பிரும்புச் சக்கரம் நிமிடத்துக்கு 650 சுற்றில் ஓடும்போது தகைப்பு சதுர சென்ரிமீற்றருக்கு 30 கிலோதான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சிக்கி என்ஜின் இரு மடங்கு வேகத்தில் ஓடினால் 120 கிலோ. நல்ல வார்ப்பு அதையும் தாங்கும். உள்ளே காற்றுக்குமிழியோ பழைய வெடிப்போ இருக்கும் வார்ப்பு தாங்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

## உடைந்தபின் எந்தப் பக்கம் பாயும்

தட்டு முழுதாக இருக்கும்வரை அதன் சக்தி சுழற்சியில் அடங்கியிருக்கிறது. பிளந்த கணத்தில் ஒவ்வொரு துண்டும் தொடலி வழியே புறப்படுகிறது. செக்கனுக்கு 80 மீற்றர் விளிம்பு வேகத்தில் தட்டு மூன்றாகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டும் செக்கனுக்கு 44 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 150 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் பாயும். மூன்று என்ற எண்ணை வேண்டுமென்றே சொன்னேன். தட்டின் மூன்றிலொரு பங்கு அளவான துண்டுதான் பாய்ச்சலில் மிகக் கூடிய சக்தியைக் கொண்டுபோகிறது. பாதித் துண்டு பாரமானது, ஆனால் மெதுவானது. ஓரத்துச் சில்லு வேகமானது, ஆனால் பாரமற்றது. விமானம் வடிவமைப்பவர்கள் தட்டின் மூன்றிலொரு துண்டு பாய்ந்துவந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது இதனால்தான்.

துண்டுகள் பெரும்பாலும் தட்டு சுழன்ற தளத்திலேயே பறக்கும். தளம் என்பது தட்டைப் பெரிதாக விரித்தால் அது வெட்டிச் செல்லும் பரப்பு. கவர் இருக்க வேண்டியது அந்தத் தளத்தில், தட்டுக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில்.

பட்டறைத் தட்டுகள் சுழற்சியால் மட்டும் உடைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டும்போது தட்டைப் பக்கவாட்டில் சாய்ப்பது, வெட்டு நெருங்கித் தட்டு சிக்கிக்கொள்வது, வெட்டும் தட்டின் முகத்தால் தேய்ப்பது ஆகியவை வளைவுத் தகைப்பைச் சேர்க்கின்றன. தட்டின் பலத்தில் ஒரு பங்கைச் சுழற்சி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. வளைவு மிச்சத்தில் கைவைக்கிறது.

## பூட்டுவதற்கு முன்

பிசினால் பிணைத்த வெட்டுத் தட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சடித்திருக்கும். அது காலாவதித் திகதி. பிசின் ஈரத்தை உறிஞ்சிப் பலம் இழப்பதால் இந்தத் திகதி வைக்கப்பட்டிருக்கிறது. கடற்காற்றுப் படும் நம் ஊரில் தட்டுகளைத் திறந்த அலுமாரியில் மாதக்கணக்கில் போட்டுவைப்பது நல்லதல்ல. உலர்ந்த பெட்டியில், தட்டையாக அடுக்கி வையுங்கள். கீழே விழுந்த தட்டை, கண்ணுக்கு வெடிப்புத் தெரியாவிட்டாலும், பூட்ட வேண்டாம்.

சுட்ட சாணைக்கல்லுக்கு வேறொரு சோதனை உண்டு. நடுத்துளையில் ஒரு கம்பியை விட்டுத் தொங்கவைத்து, ஸ்குரூட்ரைவரின் மரப்பிடியால் பக்கத்தில் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். வெடித்த கல் மந்தமான சத்தம் தரும். கல்லைச் சற்றுத் திருப்பி மறுபடியும் தட்டுங்கள். மெல்லிய பிசின் தட்டுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவை நல்லவையானாலும் கணீரென்று ஒலிக்காது.

புதிதாகப் பூட்டிய தட்டை ஒரு நிமிடம் வெறுமையாக ஓடவிடுங்கள். கவர் தன் இடத்தில் இருக்க, முகமும் உடம்பும் தட்டின் தளத்துக்கு வெளியே இருக்கட்டும். குழாய் வெட்டும்போது அதன் முனையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பொதுவாகத் தளத்துக்கு வெளியேதான் நிற்கிறார். எதிரே குந்தியிருந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்தான் தளத்துக்குள் இருக்கிறார்கள். முதலில் அவர்களை எழுப்பி அப்பால் அனுப்பிவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.